ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகம் தேர்வுக்கு இருக்கிறது. அதன் நாயகன், சேல்ஸ்மேன் வில்லி லோமனைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. இவன் எப்படித் துயர நாயகன்?

எரிச்சல் வந்தால் நல்லதுதான், நாடகம் உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். எம்.ஏ. படித்தபோது எனக்கும் வில்லியைக் கண்டாலே ஆகாது. வாயைத் திறந்தால் பீற்றல், இல்லாவிட்டால் புலம்பல். கைடில் இருந்த 'அமெரிக்கக் கனவின் வீழ்ச்சி'யை உருப்போட்டு இன்டர்னலில் கொட்டிவிட்டு வந்தேன். இருபத்தைந்துக்கு ஒன்பது. "இதில் நாடகம் எங்கே?" என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்.

அடுத்த முறை படிக்கும்போது, வசனங்களில் வரும் எண்களுக்கெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போனேன். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள்.

முதல் அங்கத்தில் ஒரு பழைய நினைவுக் காட்சி. ஊர் சுற்றி விற்றுவிட்டு வீடு திரும்பும் வில்லி, பிராவிடன்ஸில் 500 டாலர், பாஸ்டனில் 700 டாலர் விற்றதாக அளக்கிறான். மனைவி லிண்டா உடனே பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுகிறாள். கமிஷன் 212 டாலர்! அவள் பூரித்துப்போவதைப் பார்த்ததும் இவன் மென்று விழுங்க ஆரம்பிக்கிறான். கடைசியில் மொத்தப் பயணத்துக்கும் விற்றதே ஏறக்குறைய 200 டாலர்தான். இந்த இடத்தில் லிண்டாவுக்கு மில்லர் கொடுத்திருக்கும் மேடைக் குறிப்பு, அவள் தயங்காமல் பேசுகிறாள் என்பது. 70 டாலரும் சில்லறையும் வருகிறது, ரொம்ப நல்லது என்கிறாள். பிறகுதான் கடன் பட்டியல் வெளியே வருகிறது: ஃபிரிட்ஜுக்கு 16, வாஷிங் மெஷினுக்கு 9.60 என்று ஆரம்பித்து, 15ஆம் தேதிக்குள் கட்டவேண்டியது 120. அவனுடைய பொய்யை அவள் ஒருமுறைகூடச் சுட்டிக்காட்டவில்லை, தொகையை மட்டும் மாற்றிக்கொள்கிறாள். அந்த வீடு முழுக்க இப்படித்தான் நடக்கிறது. மூத்த மகன் பிஃப் திருடிக்கொண்டு வரும் பந்தைக்கூட அப்பன் சிரித்தே மழுப்பிவிடுகிறான்.

இரண்டாம் அங்கத்தில் ஹோவர்டு காட்சியை வாய்விட்டுப் படியுங்கள். நாங்கள் மூன்று பேர் ஹாஸ்டல் வராந்தாவில் அப்படிப் படித்தோம். தன் மடியில் வளராத குறையாக வளர்ந்த முதலாளியிடம் போய், 34 வருஷம் உழைத்த வில்லி வாரத்துக்கு 65 டாலர் கேட்கிறான். அப்புறம் 50. அப்புறம் 40. ஹோவர்டோ சற்று முன்புவரை, புதிதாக வாங்கிய ரெக்கார்டரில் தன் பிள்ளைகளின் குரலைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தவன். ஹோவர்டாகப் படித்த தோழி முதலில் சிரித்துக்கொண்டேதான் படித்தாள். 40 வந்தபோது, "ஏய், நான் இந்த ஆள் இல்லப்பா, வேற பார்ட் குடுங்க" என்று புத்தகத்தை மூடிவிட்டாள்.

மற்ற எண்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிஃபுக்குக் கணக்கில் 61 மார்க், பாஸாக நாலு குறைவு. அந்த நாலு மார்க்குக்காக அப்பாவைத் தேடி பாஸ்டன் போய், ஹோட்டல் அறையில் அவரோடு வேறொரு பெண்ணைப் பார்க்கிறான். வீட்டில் அம்மா கிழிந்த ஸ்டாக்கிங்ஸைத் தைத்துக்கொண்டிருக்க, இங்கே அந்தப் பெண்ணுக்குப் புதியவை கைமாறுகின்றன. கடைசி எண் 20,000. வில்லி உயிரை விட்டால் வீட்டுக்கு வரும் இன்ஷூரன்ஸ் தொகை அது.

துயர நாயகனா என்ற கேள்விக்கு, நாடகம் அரங்கேறிய 1949லேயே மில்லர் ஒரு கட்டுரையில் பதில் சொல்லிவிட்டார்: ராஜாக்களுக்கு மட்டுமல்ல, சாதாரண மனிதனுக்கும் துயர நாடகம் பொருந்தும், தன் மரியாதைக்காக உயிரையும் விடத் துணிகிறவன் போதும். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. தான் யார் என்ற தெளிவு கடைசியில் பிஃபுக்குத்தான் வருகிறது, வில்லிக்கு வருவதே இல்லை. பரீட்சையில் இதை எழுதலாம், ஆனால் காட்சியைக் காட்டி எழுதுங்கள்.

ஒன்று மட்டும். பலர் கடைசியில் வரும் 'ரெக்வியம்' (இறந்தவருக்கான இரங்கல்) பகுதியை, சின்னதாக இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். டேவ் சிங்கிள்மேன் என்ற 84 வயது சேல்ஸ்மேனின் சாவுக்கு நூற்றுக்கணக்கில் ஆள் வந்ததைச் சொல்லிச் சொல்லி வாழ்ந்தவன் வில்லி. தன் சாவுக்கும் நாலைந்து மாநிலத்துக்காரர்கள் திரண்டு வருவார்கள் என்று நம்பியவன். ரெக்வியத்தில் அவன் குழி அருகே நிற்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். மனைவி, இரண்டு மகன்கள், பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய பையன். ஏன் யாருமே வரவில்லை என்று லிண்டா கேட்கிறாள்.