கன்னத்துக்குள் வெள்ளைக் கோடுகள்: புற்றுநோயாக மாறுமா?

கேள்வி: எனக்கு வயது 52. இரண்டு கன்னங்களின் உள்பக்கமும் மூன்று வருடமாக வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன. ரசம் பட்டாலே எரிகிறது. சதை எடுத்துப் பரிசோதித்து 'லைக்கன் பிளானஸ்' என்றார்கள். இது புற்றுநோயாகிவிடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து தூக்கமே இல்லை. உண்மையா டாக்டர்?

பதில்: உங்கள் உறவினர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். இந்த நோய் உள்ள நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் புற்றுநோய் வருகிறது, அதுவும் பெரும்பாலும் பல வருடங்கள் கழித்து. நம் எதிர்ப்பு அணுக்களே வாயின் உள்தோலைத் தாக்குவதால் உண்டாகும் நோய் இது. யாருக்கும் தொற்றாது.

வெறும் வெள்ளைக் கோடுகளோடு நின்றால் ஆபத்து குறைவு. தோல் உரிந்து சிவந்து புண்ணானவர்களுக்குத்தான் கூடுதல். உங்களுக்கு எரிச்சல் இருப்பதால் சிவந்த இடம் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு களிம்பு கொடுத்திருந்தால், சாப்பிட்டு வாய் கொப்பளித்த பின், அந்த இடத்தை ஈரம்போக ஒற்றிவிட்டுப் பூசுங்கள். அரை மணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம். எரிச்சல் அடங்கும், கோடுகள் முழுதாக மறையாமல் போகலாம், பரவாயில்லை.

எரிச்சல் நின்றதும் பலர் மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை. எனக்குக் கவலை அங்கேதான். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டிவிடுங்கள். நடுவில் நீங்களே மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இழுத்து, இரண்டு ஓரங்களையும் பாருங்கள். மாற்றம் வந்தால் நாக்கில் வருவது அதிகம். இரண்டு வாரத்தில் ஆறாத புண், தொட்டால் கெட்டியாக இருக்கும் தடிப்பு, கழுத்தில் கட்டி: எதைக் கண்டாலும் உடனே போங்கள்.

வெற்றிலை போடுவீர்களா என்று எழுதவில்லை. 'புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதான்' என்பார்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. சிகரெட்டும் மதுவும் அதே கணக்குதான்.

சில பிரஷர் மாத்திரைகளாலும் பழைய வெள்ளிப் பல் அடைப்பாலும் இதே மாதிரிக் கோடுகள் வருவதுண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த முறை போகும்போது சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அப்புறம், அந்தச் சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்து 'டிஸ்பிளேசியா' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். செல்கள் மாறத் தொடங்கியிருப்பதைக் குறிப்பது அது. இருந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள்.