மணலா வெங்காரமா: காய்ச்சி ஒட்டும்போது எந்தப் பொடி போடுவது?

கேள்வி: கோடரி ஒன்று அடித்துக்கொண்டிருக்கிறேன். உடம்பு மைல்டு ஸ்டீல், வாய்க்குப் பழைய அரத்தில் வெட்டிய துண்டு. கேஸ் உலைதான் வைத்திருக்கிறேன். மணல் தூவி மூன்று முறை காய்ச்சி அடித்துவிட்டேன், மூன்று முறையும் வாய் பிரிந்து வந்துவிட்டது. சிலர் வெங்காரம் (போராக்ஸ்) போடு என்கிறார்கள். எதைப் போட?

பதில்: வெங்காரம். அதுவும் பொரித்து நீர் போக்கிய வெங்காரம்.

இந்தப் பொடி பசை இல்லை, முதலில் அதைப் புரிந்துகொள்ளுங்கள். இரும்பை இரும்போடு ஒட்டுவது சூடும் அடியும்தான். காய்ந்த இரும்பில் காற்று பட்டதும் ஆக்சைடு செதில் படிகிறது, அது இடையில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளாது. அந்தச் செதிலைக் கரைத்துத் தண்ணீர் மாதிரி ஆக்குவதும், அடி விழும்போது அது வெளியே பிதுங்கி ஓட வழி செய்வதும், அதுவரை மேலே காற்று படாமல் மூடி வைப்பதும்தான் பொடியின் வேலை.

மணலும் இதைச் செய்யும். தனியாக அது உருக 1700 டிகிரி வேண்டும், ஆனால் இரும்புச் செதிலோடு சேர்ந்தால் 1200 டிகிரி வாக்கிலேயே கசடாக உருகி ஓடும். தேனிரும்புக்கு (கார்பன் மிகக் குறைவான பழைய காலத்துப் பட்டறை இரும்பு) அது போதும், ஏனென்றால் அந்த இரும்பு வெள்ளைச் சூடு தாங்கும், உள்ளேயே கொஞ்சம் கசடும் இருக்கும். உங்கள் சிக்கல் அரத்துண்டில் இருக்கிறது. நல்ல அரத்தில் கார்பன் 1 சதவீதத்துக்கு மேல். கார்பன் ஏற ஏற எஃகு உருகும் சூடு இறங்கிக்கொண்டே வரும், அதனால் கார்பன் குறைந்த மைல்டு ஸ்டீல் சாதாரணமாகத் தாங்குகிற சூட்டில் அரத்துண்டு பொறி கக்கிக் கருகிப்போகும். மணல் நன்றாக வேலை செய்ய ஆரம்பிக்கும் நேரமும் உங்கள் எஃகு கெட ஆரம்பிக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. நீர் போன வெங்காரமோ 740 டிகிரி வாக்கிலேயே உருகிப் பரவிவிடும், மஞ்சள் சூட்டிலேயே ஒட்டிவிடலாம். (சில மலிவான அரங்களில் மேல்தோல் மட்டும்தான் கடினம், உள்ளே சாதா இரும்பு. அப்படிப்பட்டது கோடரி வாய்க்கு உதவாது.)

கடையில் வாங்கும் வெங்காரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அப்படியே போட்டால் பொங்கி, பொரிந்து, பாதி உலைக்குள் கொட்டிவிடும். பழைய இரும்புச் சட்டியில் போட்டுப் பொங்குவது நிற்கும்வரை வறுங்கள், ஆறியதும் பொடித்துக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், திறந்து வைத்தால் மறுபடி ஈரம் இழுக்கும். தூசியை மூச்சில் இழுக்காமல் முகமூடி போட்டுக்கொண்டு பொடியுங்கள். படிகாரமும் வறுத்தால் இதே போலப் பொங்கும், பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும், டப்பா மாறிவிடக் கூடாது.

நான்கு பங்கு வெங்காரத்துக்கு ஒரு பங்கு போரிக் அமிலம் சேர்ப்பவர்கள் உண்டு. சேர்க்கலாம், கட்டாயம் இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் கதை வேறு: குரோமியம் ஆக்சைடை வெங்காரம் சரியாகக் கரைக்காது, அதற்குப் போடும் ஃப்ளோரைடு கலந்த பொடிகளின் புகை பொல்லாதது, இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேஸ் உலை என்பதால் ஓர் எச்சரிக்கை. உருகிய வெங்காரம் உலையின் உள்பக்கம் சூடு காக்கப் பதித்திருக்கும் செராமிக் கம்பளத்தைத் தின்றுவிடும், தண்ணீர் பட்ட சர்க்கரை மாதிரி ஓட்டை விழும். தரையில் அலுமினா அதிகமுள்ள செங்கல்லோ, எடுத்து மாற்றக்கூடிய ஒரு தட்டோ போட்டுவிடுங்கள். கேஸைக் கொஞ்சம் கூட்டி, உலை வாயில் சின்னதாகச் சுவாலை எட்டிப் பார்க்கும்படி வைத்தால் செதில் படிவதே குறையும், ஆனால் அப்போது கார்பன் மோனாக்சைடு வரும், காற்றோட்டம் இல்லாத அறையில் செய்யவே கூடாது.

அப்புறம் நேரம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நன்றாகச் சிவந்ததும் வெளியே எடுத்துக் கம்பிப் பிரஷ்ஷால் செதிலைத் தேய்த்துவிட்டு உடனே தூவுங்கள். கறுத்துச் செதில் ஏறிய பிறகு மேலே கொட்டிப் பயனில்லை. தேன் மாதிரி உருகிப் பரவியதும் மறுபடி உலைக்குள். மேற்பரப்பு எண்ணெய் பூசியது போல ஈரமாய்ப் பளபளக்கும்போது கொஞ்ச நேரம் பொறுத்து, சூடு உள்வரை ஏறவிட்டு எடுங்கள். முதல் அடிகள் லேசாக, ஆனால் மளமளவென்று, நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி. பலமெல்லாம் அடுத்த சூட்டில் காட்டலாம். உருகிய பொடி நாலாபக்கமும் தெறிக்கும், கண்ணாடி இல்லாமல் நிற்காதீர்கள்.

பிரிந்து வந்த துண்டுகளைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? ஒட்ட வேண்டிய முகத்தைப் பாருங்கள். சாம்பல் கறுப்பாய்ச் செதில் இருந்தால் பொடி தாமதமாகப் போயிருக்கிறது அல்லது சூடு போதவில்லை. கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருந்தால் கசடு வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்றுவிட்டது, முகத்தை நடுவில் லேசாக மேடாக அராவிக்கொள்ளுங்கள். மைல்டு ஸ்டீல் உடம்பைத் தேய்த்து மறுபடி பயன்படுத்தலாம். அரத்துண்டை மட்டும் புதிதாக வெட்டுங்கள், மூன்று முறை அவ்வளவு சூடு கண்டது இனி வாய்க்கு ஆகாது.