மலை ஏறாத மாமியார்

அன்புள்ள ஐயா,

நாங்கள் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள், நயினார் குடும்பம். பெங்களூருக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்தனார் குடும்பத்தையும் சேர்த்து ஒன்பது பேர் வேன் பிடித்து, மலைமேல் பாகுபலி சிலை நிற்கும் சிரவணபெளகொளா போனோம். என் மாமியாருக்கு வயது 74. படிகளைப் பார்த்ததும் அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். டோலியும் வேண்டாம் என்றார். "இங்கிருந்தே கும்பிட்டுக்கொண்டேன்" என்றார். "கீழேயிருந்து சிலையே தெரியவில்லையே, பாட்டி எதைக் கும்பிட்டார்?" என்று என் மகன் கேட்டான். அன்றே பேலூர், ஹளேபீடு என்று ஓடினோம். திரும்பும் வழியில் வேன் வாடகையைப் பங்கிடுவதில் என் கணவருக்கும் கொழுந்தனாருக்கும் வாக்குவாதம். இதை யாத்திரை என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. மகனுக்கு என்ன பதில் சொல்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

முதலில் வேன் சண்டை. முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதரின் மக்களான பரதனும் பாகுபலியும் அண்ணன் தம்பிகள். நாட்டுக்காக மோதிக்கொண்டார்கள், ஜெயித்த தம்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய், காலில் கொடி படர, புற்று வளர, அசையாமல் நின்றார். அவரைக் கும்பிட்டுவிட்டு வந்த வழியில் அண்ணனும் தம்பியும் வேன் வாடகைக்குச் சண்டை போட்டால் அவர் ஒன்றும் புதிதாக அதிர்ச்சி அடைந்துவிட மாட்டார்.

உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். அந்தச் சிலை அங்கே இருப்பதற்கு மரபு சொல்லும் காரணம் என்ன தெரியுமா? ஊர் போய்ச் சேராத ஒரு குடும்ப யாத்திரை. கங்க மன்னன் இராசமல்லனின் அமைச்சரும் படைத்தலைவருமான சாவுண்டராயருடைய தாய் காளலதேவி, போதனபுரத்தில் பரதன் எழுப்பிய பாகுபலி சிலையைப் பற்றிக் கேள்விப்படுகிறார். அதைத் தரிசிக்கும்வரை பால் தொடுவதில்லை என்று நோன்பு. மகன் அம்மாவை அழைத்துக்கொண்டு புறப்படுகிறார். சிரவணபெளகொளாவுக்கு மேல் போக முடியவில்லை. போதனபுரத்துச் சிலை மனிதர் எட்ட முடியாததாகிவிட்டது என்று கனவு வருகிறது. சாவுண்டராயர் அங்குள்ள சின்ன மலையிலிருந்து எதிரே உள்ள பெரிய மலையை நோக்கி அம்பு எய்கிறார். அம்பு தைத்த இடத்தில், கி.பி. 981ஐ ஒட்டி, ஒரே கல்லில் ஏறக்குறைய 57 அடி உயரத்துக்கு பாகுபலி எழுகிறார். காளலதேவி அதுவரை எதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்? கண்ணால் காணாத ஒன்றைத்தான். உங்கள் மாமியாரும் அதைத்தான் செய்திருக்கிறார். இதை மகனிடம் சொல்லுங்கள்.

மேலே ஏறியவர்கள் என்ன பார்த்தீர்கள் என்பதுதான் என் கேள்வி. சிலைக்கு எதிரே கையில் சிறு கிண்ணத்தோடு கல்லில் ஒரு கிழவி நிற்பாளே, கவனித்தீர்களா? குள்ளகாயி அஜ்ஜி. சாவுண்டராயர் குடம் குடமாக ஊற்றிய பால் சிலையின் இடுப்புக்குக் கீழே இறங்கவில்லையாம். குடைந்த காயில் இவள் கொண்டுவந்த கொஞ்சம் பால் பாதம்வரை நனைத்து மலையிலும் வழிந்ததாம். கூஷ்மாண்டினி என்ற இயக்கியே கிழவி வடிவில் வந்தாள் என்பார்கள். நம் வீடுகளில் தருமதேவி என்று கும்பிடுகிறோமே, அவள்தான். கட்டியவரைவிட அந்தக் கிழவியைத்தான் எனக்குப் பிடிக்கும்.

இன்னொன்று. பாகுபலியின் காலடியில் ஒரே செய்தி மூன்று மொழிகளில் வெட்டப்பட்டிருக்கிறது. கன்னடத்தில், மராத்தியில், தமிழில். தமிழ் வரி 'ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்'. நம் சாவுண்டராயர்தான் அவர். நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் இரண்டு முறை அதைப் பார்க்காமலேயே திரும்பினேன். மூன்றாம் முறை பார்த்தும் படிக்க முடியவில்லை. கிரந்தம், வட்டெழுத்து என்ற பழைய எழுத்துகளில் இருக்கிறது. தமிழ் தெரிந்தவன் என்ற இறுமாப்பு அங்கே இறங்கியது. பெங்களூரில் கன்னடத்துக்கும் தமிழுக்கும் நடுவில் வளரும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லை அவசியம் காட்ட வேண்டும். உங்கள் மகனுக்கு என்ன வயதென்று நீங்கள் எழுதவில்லை. எந்த வயதானாலும் காட்டுங்கள்.

நான் உங்கள்மேல் குறைப்பட வேண்டுமானால் ஒன்றுக்குத்தான்: ஒரே நாளில் மூன்று ஊர். சுற்றுலா பஸ்காரர்கள் போட்ட கணக்கு அது. ஹளேபீட்டில் ஹொய்சளேசுவரர் கோயிலை மட்டும் பார்த்துவிட்டு வண்டி ஏறியிருப்பீர்கள். சற்றுத் தள்ளி பஸ்திஹள்ளியில் 1133ஆம் ஆண்டுப் பார்சுவநாதர் பசதி, அதாவது சமணக் கோயில், இருக்கிறது. 18 அடி உயரத்தில் கரிய பார்சுவநாதர். எத்தனையோ நயினார் குடும்பங்கள் அந்த ஊர்வரை போய் அவரைப் பார்க்காமல் திரும்பியிருக்கின்றன.

அதைவிடப் பெரிய இழப்பு சந்திரகிரி, அந்தச் சின்ன மலை. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்துக்கு அஞ்சி வடக்கேயிருந்து துறவியர் சங்கத்தோடு வந்த பத்திரபாகு முனிவர் அங்கே தங்கிவிட்டு, விசாகரைத் தலைவராக்கி மற்றவர்களைத் தெற்கே தமிழகப் பக்கம் அனுப்பினார் என்பது மரபு. சந்திரகுப்த மௌரியர் குருவுடன் தங்கிவிட்டார். நம் பாட்டன்மாருக்கு அந்த மலை ஒரு தாய்வீடு மாதிரி. அங்கே பாறை பாறையாக, உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டவர்களின் நினைவு எழுத்துகள். உங்கள் ஊரிலிருந்து செஞ்சிப் பக்கம் போனால் திருநாதர்குன்றிலும் அப்படியொன்று உண்டு: 57 நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை, அதாவது நினைவெழுத்து. இரண்டையும் பார்த்தவர்களுக்கு இரண்டு மாநிலம் என்ற நினைப்பே வராது.

பெரிய மலைக்கு 600க்கும் மேற்பட்ட படிகள். சின்ன மலை அதைவிட மிகவும் எளிது. மாமியார் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறிவிடுவார். மேலே போனால் எதிரே மதிலுக்கு மேலாக பாகுபலியின் தோளும் முகமும் தெரியும். அடுத்த முறை பேலூரை விட்டுவிட்டு அவரை அங்கே அழைத்துப் போங்கள். நம் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிய வேண்டும் என்ற அவசரமும் இருக்காது. கட்டுச்சாதத்தை மதியமே கீழே சாப்பிட்டுவிடலாம். வேன் வாடகையை மட்டும் புறப்படுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. செருப்பைக் கீழேயே விட வேண்டும், வெயில் ஏறினால் பாறை சுடும். மாமியாருக்கு ஒரு ஜோடி காலுறை எடுத்து வையுங்கள்.