ஒளியை வைத்து ஃபோபோஸின் மண்ணை அறிவது எப்படி?

கேள்வி: செவ்வாயின் நிலா ஃபோபோஸில் இதுவரை எந்தக் கலமும் இறங்கியதில்லை. அதன் மண்ணைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள்?

பதில்: அதன் மேல் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை வைத்துத்தான். ஃபோபோஸ் நல்ல கறுப்பு. எதிரொளிதிறன் சுமார் 0.07; அதாவது படும் ஒளியில் 7 சதவீதம்தான் திரும்புகிறது. எந்த நிறம் எவ்வளவு திரும்புகிறது என்பதில்தான் மண்ணின் அடையாளம் இருக்கிறது.

ஆனால் தொலைநோக்கிக்கு வரும் ஒளியில் சூரியனின் வாயுக்களும் நம் காற்றும் சில நிறங்களை விழுங்குவதால் விழும் கருங்கோடுகளும் கலந்திருக்கும். அவற்றை நீக்க, அதே இரவில், வானில் ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்கும் சூரியனை ஒத்த விண்மீன் ஒன்றின் நிறமாலையை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளிப் பதிவை, எடுத்து, ஃபோபோஸின் நிறமாலையை அதனால் வகுக்க வேண்டும். உயரம் மாறினால் 1.4, 1.9 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளங்கள் அருகே நம் காற்றின் நீராவி ஒளியை விழுங்கும் பட்டைகள் முழுதாக நீங்காது. நிறமாலையில் மிஞ்சும் அந்த ஒளிக்குறைவை, அதாவது பள்ளத்தை, ஃபோபோஸின் கனிமம் என்று நம்பிவிடும் ஆபத்து உண்டு.

அதைவிடப் பெரிய தொல்லை செவ்வாய். செவ்வாய் பூமிக்கு அருகே வரும் நல்ல எதிரமைவில்கூட ஃபோபோஸ் 11ஆம் ஒளியளவை ஒட்டியே, வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலாக இருக்கும். பக்கத்தில் செவ்வாய் லட்சக்கணக்கான மடங்கு பிரகாசமாக எரியும். நிறமாலைமானிக்குள் ஒளி நுழையும் ஒடுங்கிய பிளவைச் செவ்வாயின் விளிம்புக்கு இணையாக வைப்பது நல்லது. அப்போதும் பிளவில் ஃபோபோஸ் இருக்கும் இடமே செவ்வாய்க்கு மிக அருகில் என்பதால் செவ்வாயின் சிதறொளிக் கூச்சம் அங்கேதான் உச்சம். ஆகவே இருபுறப் பின்னணியை நேர்கோடாக அல்ல, வளைகோடாகப் பொருத்திக் கழிக்க வேண்டும். குறைவாகக் கழித்தால் செவ்வாயின் சிவப்பு ஒட்டிக்கொண்டு, ஃபோபோஸ் உள்ளதைவிடச் சிவப்பாகத் தெரியும்.

கேள்வி: அப்படியானால் விண்கலத்திலிருந்து பார்த்தால் சிக்கலே இல்லையா?

பதில்: காற்றும் கூச்சமும் பெருமளவு ஒழியும். 2007இல், செவ்வாயைச் சுற்றும் மார்ஸ் ரிகன்னைசன்ஸ் ஆர்பிட்டர் கலத்தின் கிரிசம் என்ற நிறமாலைக் கருவி 0.4 முதல் 3.9 மைக்ரான் வரை ஃபோபோஸை அளந்தது. தரையிலிருந்து நீராவி மறைத்துவிடும் 2.8 மைக்ரான் பகுதியில் மெல்லிய பள்ளம் ஒன்று கிடைத்தது. கனிமங்களில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்திருக்கும் ஹைட்ராக்சில் அதற்குக் காரணமாகலாம். 0.65 மைக்ரானிலும் ஒன்று உண்டு. ஆனால் 2.5 மைக்ரானுக்கு அப்பால் பகல்பக்க மண் தானே உமிழும் வெப்பமும் சேர்ந்துகொள்ளும். வெப்பநிலையை மதிப்பிட்டு அதைக் கழிக்காவிட்டால் பள்ளத்தின் ஆழம் தப்பாகும். சுமார் 9 கி.மீ. அகல ஸ்டிக்னி என்ற மோதல்குழியைச் சுற்றிய மண் மற்ற இடங்களைவிடச் சற்று நீலம் என்பதும் நிறமாலையில் தெளிவாகத் தெரிகிறது.

கேள்வி: ஃபோபோஸ், செவ்வாய் பிடித்துவைத்த சிறுகோள் தானே?

பதில்: அதன் நிறமாலை, டி வகை எனப்படும் கரிய, சிவப்புச் சாயல் கொண்ட சிறுகோள்களை ஒத்திருப்பதால் அப்படிச் சொல்கிறார்கள். எங்கள் பார்வையில் அது அவசரம். கரிய நுண்தூள் கலந்தாலே, சாதாரணப் பாறைக் கனிமமான சிலிக்கேட்டின் 1, 2 மைக்ரான் பட்டைகள் மங்கிவிடும்; அதனால் வேறு வகை மண்ணும் டி வகை போலத் தெரியலாம். மேலும் அதன் பாதை ஏறக்குறைய வட்டமாக, செவ்வாயின் நடுக்கோட்டை ஒட்டியே இருக்கிறது. பிடிபட்ட பொருளுக்கு இது எளிதில் வாய்க்காது. ஜப்பானின் எம்எம்எக்ஸ் விண்கலத் திட்டம் ஃபோபோஸிலிருந்து 10 கிராமாவது மண்ணைக் கொண்டுவர முயல்வது இதனால்தான்.