நம்பிக்கையைக் கணினியில் எப்படி ஓட்டிப் பார்ப்பது?

நம்பிக்கை, துரோகம் எல்லாம் மனசு சம்பந்தப்பட்டவை, இதில் கணினிக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். மனசை அது அளப்பதில்லை. ஒரு விதியை விடாமல் பின்பற்றினால் எங்கே போய் முடியும் என்று காட்டும், அவ்வளவுதான்.

1980 வாக்கில் அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்ஸல்ராட் கணினி நிரல்களுக்கு இடையே நடத்திய போட்டியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு நிரல்கள் மோதும்; ஒவ்வொன்றும் ஒத்துழைக்கலாம், அல்லது ஏமாற்றலாம். இருவரும் ஒத்துழைத்தால் தலா 3 புள்ளி. இருவரும் ஏமாற்றினால் தலா 1. ஒருவர் மட்டும் ஏமாற்றினால் அவருக்கு 5, ஏமாந்தவருக்கு 0. ஜோடிக்கு 200 சுற்று. வென்றது அனடோல் ராப்பபோர்ட் அனுப்பிய 'பதிலுக்குப் பதில்': முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி கடைசியாகச் செய்ததையே செய்.

நிரல் எழுதியதும் 1 சதவீதக் கைத்தவறை, அதாவது நினைத்ததற்கு எதிராகச் செய்துவிடுவதை, சேர்த்துப் பாருங்கள். இரண்டு 'பதிலுக்குப் பதில்' ஆட்டக்காரர்களுக்குள் ஒரே ஒரு சறுக்கல் போதும், பழிக்குப் பழி மாறி மாறி ஓடும். இன்னொரு தவறு வரும்வரை அந்தப் போக்கு மாறாது. நீண்ட ஓட்டத்தில் ஒரு சுற்றின் சராசரிப் புள்ளி 3-இலிருந்து 2.25-க்கு இறங்கிவிடும். மருந்து, எதிராளி ஏமாற்றினாலும் மூன்றில் ஒரு முறை மன்னித்து ஒத்துழைப்பது. அதற்கு மேல் தாராளம் காட்டினால், ஒன்றுவிட்டு ஒன்று ஏமாற்றுபவருக்குக் கொண்டாட்டம்.

பலரும் கோட்டை விடுவது சுற்று எண்ணிக்கையில். அதை நிலையாக வைத்தால் கடைசிச் சுற்றில் ஏமாற்றும் விதிக்கு லாபம். 'அடுத்த சுற்று உண்டு' என்பதற்கு 0.995 நிகழ்தகவு வையுங்கள். சராசரி அதே 200 வரும், எது கடைசிச் சுற்று என்பது யாருக்கும் தெரியாது.

ஆட்டக்காரர்களைச் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் வைத்து, பக்கத்துக் கட்டங்களில் அதிகப் புள்ளி எடுத்தவரின் விதியைப் பின்பற்றவிட்டால், எல்லாரையும் ஒரே நொடியில் மாற்றாதீர்கள். ஆய்வாளர்கள் நோவாக்கும் மேயும் 1992-இல் அப்படி ஒரே நேரத்தில் மாற்றிக் காட்டிய ஒத்துழைப்புக் கோலங்கள், கட்டங்களை ஒவ்வொன்றாக மாற்றியதும் கலைந்துபோவதை ஹியூபர்மனும் கிளான்ஸும் 1993-இல் காட்டினார்கள்.