பனம்பழத்தில் தோய்த்த சட்டை

கேள்வி: சவர்க்காரம், சீனி, மண்ணெண்ணெய் எல்லாமே விலை ஏறிவிட்டது. 90களில் யாழ்ப்பாணத்தில் நீங்கள் சமாளித்த மாதிரி இப்போதும் செய்யலாமா அக்கா?
– வாசகி, கொக்குவில்

பதில்: எல்லாவற்றையும் செய்ய வேண்டாம் தங்கச்சி. போர் நேரம், சாமான்களை யாழ்ப்பாணத்துக்கு விடாமல் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். அழுக்குப் போகும்தான். ஆனால் கொடியில் காயும் சட்டையை, அந்த வாசத்துக்கு மாடு வந்து சப்பிவிடும்! ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு எரித்தோம். போத்தலே சிமிலி, காற்றுக்கு அணையாது. எண்ணெய் மிச்சம், ஆனால் படிக்கிற பிள்ளைகளின் மூக்கெல்லாம் கரி. அதற்கு ஆசைப்படாதேங்கோ.

பனங்கட்டி (கருப்பட்டி) வேறு விஷயம். தேத்தண்ணியில் சீனி கரைத்தால் கோப்பைக்கு இரண்டு கரண்டி போகும். பனங்கட்டியில் சின்னத் துண்டு ஒன்றை உடைத்து, கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணியைக் குடியுங்கோ. அந்த ஒரு துண்டோடு கோப்பை முடிந்துவிடும். பனங்கட்டியும் இப்போது மலிவில்லை என்பீர்கள், சரி.

அப்புறம், வேலியில் முருங்கை நிற்க, கீரை வாங்கச் சந்தைக்குப் போகிறவர்களைக் கண்டால்தான் எனக்குக் கோபம் வரும். உங்கள் வீட்டில் முருங்கை இல்லையென்றால், மாரி தொடங்கும்போது பக்கத்து வீட்டில் ஒரு தடி கேட்டு வாங்கி நட்டு விடுங்கோ. காசு கேட்கமாட்டார்கள்.