பி.இ. கிடைக்கிறார், செட்டர் கிடைக்கவில்லை

அன்புள்ள ஐயா,

கப்பலூரில் ஆறு சிஎன்சி லேத் (கணினி வழி இயங்கும் கடைசல் மெஷின்) வைத்து, பிற கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். 'பி.இ. மெக்கானிக்கல், 2 வருட அனுபவம்' என்று விளம்பரம் கொடுத்தேன். வந்தவர்களில் ஒருவருக்கும் ஆஃப்செட் (மெஷினில் டூலுக்குக் கொடுக்கும் அளவுத் திருத்தம்) போடத் தெரியவில்லை. மதுரையைச் சுற்றி இத்தனை கல்லூரிகள் இருந்தும் ஆளுக்குப் பஞ்சமா?

வாசகர், கப்பலூர்

வணக்கம்.

2 வருடம் ஆஃப்செட் போட்டுப் பழகியவர் கோவைக்கோ ஓசூருக்கோ எப்போதோ போயிருப்பார். உங்கள் சம்பளத்துக்கு ஏன் திரும்பி வருகிறார்? ஆறு மெஷினுக்கு வேண்டியது, வேலைக்கேற்ப மெஷினைத் தயார்செய்து தரும் ஒரு செட்டரும் அதை ஓட்டும் சில ஆபரேட்டர்களும்தான். அதற்கு பி.இ. எதற்கு? புதூர் அரசு ஐடிஐயில் டர்னர் (லேத் வேலை) படிப்பு முடித்தவரையும் கூப்பிட்டுப் பாருங்கள்.

நேர்முகத்தில் டீசல் சைக்கிள் மாதிரி பாடப்புத்தகக் கேள்வி கேட்டால் மனப்பாடம்தான் வெளியே வரும். மேசையில் 20 மி.மீ. தண்டு ஒன்று, டிராயிங், 0.02 மி.மீ. வரை காட்டும் வெர்னியர், ஒரு மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும் மைக்ரோமீட்டர், டாலரன்ஸ் (அளவில் எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) டேபிள் எல்லாம் வையுங்கள். டிராயிங்கில் போட்டிருக்கும் டாலரன்ஸ் சின்ன எச்7 (h7), அதாவது 20.000 முதல் 19.979 வரை. 'ஓகேவா, ரிஜெக்டா?' என்று மட்டும் கேளுங்கள். வெர்னியரை எடுப்பவர் அந்த 21 மைக்ரானைக் கவனிக்கவில்லை. மைக்ரோமீட்டரின் முகங்களைத் துடைத்து, ஜீரோ பார்த்து, அழுத்தம் மிகாமல் பிடிக்கும் ராட்செட் குமிழைத் திருகுபவரை, அரியர் இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

சேர்த்த பிறகு முதல் சில வாரம் அளவெடுப்பது மட்டும். சூட்டோடு அளப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. 20 மி.மீ. ஸ்டீல் 30 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறக்குறைய 7 மைக்ரான் பெருத்திருக்கும். அதை நம்பி ஆஃப்செட்டைக் குறைத்தால், ஆறியதும் அண்டர்சைஸ்; மொத்த லாட்டும் ஸ்கிராப்.

அடுத்து வியர் ஆஃப்செட், அதாவது டூல் தேய்வதற்கான திருத்தம். வேண்டியது 19.990, வந்தது 20.030 என்றால் எக்ஸ் அச்சில் (விட்டத்தின் திசையில்) மைனஸ் 0.040. விட்டக் கணக்கில் ஓடும் மெஷினில் இதைத் தவறாகப் பாதியாக்கி 0.020 போடுபவர்கள் நிறைய. புள்ளியை விட்டு 40 என்று தட்டினால் சில மெஷின்களில் அது 40 மி.மீ. ஆகிவிடும், டூல்களைத் தாங்கும் டர்ரெட் நேரே போய் மோதும். வியர் மதிப்புக்கு உச்சவரம்பு வைக்கும் பாராமீட்டர் ஃபானக் கன்ட்ரோலரில் உண்டு. அதை வைத்துவிட்டுப் புதியவரை நிறுத்துங்கள்.

செலவைப் பொறுத்தவரை, அப்ரண்டிஸாக எடுக்கலாம். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்துக்குக் கட்டாயம். 4 பேர் இருந்தாலே விருப்பப்பட்டால் எடுக்கலாம். டிகிரி, டிப்ளமாவுக்கு நாட்ஸ் (NATS) என்ற மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தில் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதி மத்திய அரசின் பங்கு. ஐடிஐக்கு நாப்ஸ் (NAPS) என்ற இன்னொரு திட்டத்தில் 25 சதவீதம்.

கற்றதும் ஓடிவிடுவார்களே என்பீர்கள். சிலர் ஓடுவார்கள்தான். அதற்காக அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டிவைக்காதீர்கள். விஷயம் தெரிந்தால் நல்ல பையன்கள் யாரும் கேட் பக்கமே வரமாட்டார்கள். தனியாக செட்டிங் போடத் தொடங்கிய மாதமே சம்பளத்தை ஏற்றுங்கள், வருடக் கடைசிக்குத் தள்ளவேண்டாம். இரண்டாம் ஷிப்ட் முடிகிற நேரத்தையும், உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் போகும் கடைசி பஸ்ஸையும் ஒத்துப்பார்த்து வையுங்கள்.